‘காண்டாக்ட்’ (1997): எல்லி இறுதியில் சொன்னது நம்பிக்கையா, சாட்சியமா?

தொடக்கப் பதிவு

ராபர்ட் செமெக்கிஸ் இயக்கிய ‘காண்டாக்ட்’ படத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே விளக்கம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சான்றில்லாத எதையும் ஏற்க மறுத்த ஒரு வானியலாளர் கடைசியில் தாமே சான்றில்லாத ஓர் அனுபவத்தைச் சுமந்து நிற்கிறார். அந்தக் கணத்தில் அவர் இறைநம்பிக்கையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். ஆகவே அறிவியலும் ஆன்மிகமும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன என்பது அந்த விளக்கம். இது கேட்பதற்கு இதமாக இருக்கிறது. ஆனால் படத்தில் உண்மையில் நடப்பது வேறு என்று கருதுவதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். முடிவுவரை பேசப்போவதால், படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். ஜோடி ஃபாஸ்டர் நடித்த எல்லி ஆரோவே, நியூ மெக்சிகோவில் 27 அலைவாங்கிகள் கொண்ட ரேடியோ தொலைநோக்கி வரிசையில், சுமார் 25 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வேகா விண்மீனின் திசையிலிருந்து பகா எண்கள் வரிசையாக வருவதைக் கேட்கிறார். அந்தச் சமிக்ஞைக்குள் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் தொடக்கவிழாவின் ஒளிபரப்பு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது; அதற்கும் உள்ளே ஓர் இயந்திரத்தின் வரைபடங்கள் இருக்கின்றன. இயந்திரம் கட்டப்படுகிறது, எல்லி அதில் பயணிக்கிறார். அவரைப் பொறுத்தவரை 18 மணிநேரம் கடந்திருக்கிறது. வெளியே நின்றவர்களின் கண்ணுக்கோ அந்தக் கலம் நேராகக் கீழே விழுந்தது, அவ்வளவுதான். அவர் அணிந்திருந்த ஒளிப்பதிவுக் கருவியில் வெறும் இரைச்சல் மட்டுமே பதிவாகியிருக்கிறது.

இனி விசாரணைக் காட்சி. இவையெல்லாம் நடக்கவே இல்லை என்பதற்கு வாய்ப்புண்டா என்று தேசியப் பாதுகாப்பு அதிகாரி கிட்ஸ் கேட்கிறார். உண்டு, ஓர் அறிவியலாளராக அதை நான் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும் நானே முன்வந்து சொல்லவேண்டும் என்ற பொருளில் எல்லி பதிலளிக்கிறார். அப்படியானால் உங்கள் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமே என்றதும், தம்மால் முடியாது, தமக்கு ஓர் அனுபவம் நேர்ந்தது என்கிறார். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது பதிலை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். முதல் பதில் இல்லாமல் இரண்டாவது பதிலுக்குப் பொருளே இல்லை என்பது என் கருத்து. தாம் பிழைபட்டிருக்கக்கூடும் என்பதைத் தம்மை வீழ்த்த முயல்பவரின் முன்னிலையில், உறுதிமொழி எடுத்துக்கொண்ட நிலையில், முழு உலகமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஒப்புக்கொள்கிறார். அதே மூச்சில், தாம் கண்டதை மறுக்கவும் மறுக்கிறார். இதை நம்பிக்கை என்று அழைப்பதைவிடச் சாட்சியம் என்று அழைப்பதே பொருந்தும். நம்பிக்கை எதைக் கோருகிறதோ அதை எல்லி எவரிடமும் கோரவில்லை. என்னை நம்புங்கள் என்று அவர் ஓரிடத்தில்கூடச் சொல்வதில்லை. நான் உணர்ந்ததை நீங்களும் ஒரு கணமேனும் உணரவேண்டும் என்று விரும்புகிறேன் என்றுதான் சொல்கிறார்.

மறுமொழி 1

நண்பருடைய பதிவைக் கவனமாகப் படித்தேன். நான் வழிபாடும் பிரார்த்தனையும் உள்ள வாழ்க்கையை வாழ்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்திலிருந்தே மறுக்கிறேன்.

தாம் பிழைபட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது அறிவியலாளருக்கு மட்டுமே உரிய பண்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். இறைநம்பிக்கையாளர்கள் ஐயமே இல்லாமல் வாழ்கிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கற்பனை. எந்தச் சமயத்தின் பக்திப் பாடல்களை எடுத்துக்கொண்டாலும், நீ இருக்கிறாயா, இருந்தால் ஏன் முகம் காட்ட மறுக்கிறாய் என்ற முறையீடு அவற்றின் நடுவே ஒலித்துக்கொண்டே இருக்கும். ஐயத்தோடு கூடவே வாழ்வதுதான் நம்பிக்கை. ஆகவே எல்லியின் முதல் பதிலும் என் பார்வையில் நம்பிக்கையாளரின் பதில்தான்.

படத்தின் மீது எனக்குள்ள உண்மையான குறை வேறு. மேத்யூ மெக்கானஹே நடித்த பால்மர் ஜாஸ் ஆன்மிகத்தின் பிரதிநிதியாக நிறுத்தப்படுகிறார். ஆனால் அவர் பிரார்த்தனை செய்து நாம் பார்ப்பதில்லை. எந்தச் சபையோடும் சேர்ந்து வழிபட்டுப் பார்ப்பதில்லை. நோயாளி ஒருவரின் அருகில் அமர்ந்திருந்தும் பார்ப்பதில்லை. தமக்கு ஒருமுறை ஓர் அனுபவம் வாய்த்தது என்று சொல்கிறார், புத்தகம் எழுதுகிறார், வெள்ளை மாளிகைக்கு ஆலோசனை சொல்கிறார். மறுபக்கத்தில், முதல் இயந்திரத்தைக் குண்டு வைத்துத் தகர்க்கும் மதவெறியர் ஒருவர் இருக்கிறார். இந்த இருவருக்கும் இடையில்தான் உலகின் பெரும்பான்மையான சமய வாழ்க்கை நடக்கிறது. அன்றாடக் கடமையாக, பழக்கமாக, துயரத்தில் பற்றுக்கோடாக, பிறருக்குச் செய்யும் தொண்டாக இருக்கும் அந்த வாழ்க்கைக்குப் படத்தில் இடமே இல்லை. எல்லியின் அறிவியலுக்குக் கருவி உண்டு, சகாக்கள் உண்டு, நிதிக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கும் உழைப்பு உண்டு. பால்மரின் ஆன்மிகத்துக்கு உணர்வு மட்டுமே உண்டு. ஒரு பக்கத்துக்கு முழு உடலையும் மறுபக்கத்துக்கு நிழலையும் கொடுத்துவிட்டு இரண்டும் சந்திப்பதாகக் காட்டினால் அந்தச் சந்திப்பை நான் எப்படி ஏற்பது?

மறுமொழி 2

இதற்கு முன் எழுதியவர் பால்மரைப் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பயணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அமர்ந்து, நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா என்று எல்லியிடம் கேட்பவர் அவர்தான். அந்தப் பொருளில் இரு பக்கமும் தரவு இல்லை என்கிற எல்லியின் நேர்மையான பதிலே அவருடைய வாய்ப்பைக் கெடுக்கிறது. குழு கேட்க விரும்பியதைச் சொன்ன போட்டியாளர், அறிவியலாளர் டிரம்லின் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பின்னர் பால்மர், எல்லியை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தினால்தான் அவர் போவதைத் தாம் விரும்பவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். படத்தின் மிக முக்கியமான இறையியல் கேள்வி இறையியல் காரணத்துக்காகக் கேட்கப்படவே இல்லை! இதைத் திரைக்கதையின் பலவீனம் என்று நான் சொல்லமாட்டேன். பொது மன்றங்களில் நம்பிக்கை பற்றிய கேள்விகள் பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றைச் சாதிப்பதற்காகவே கேட்கப்படுகின்றன என்பதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது.

இன்னொரு காட்சியும் இங்கே நினைவுக்கு வரவேண்டும். ஒன்பது வயதில் தந்தையை இழந்த எல்லியிடம், சில நிகழ்வுகளின் காரணத்தை நம்மால் அறிய முடியாது, அது இறைவனின் சித்தம் என்று ஒரு மதகுரு ஆறுதல் சொல்கிறார். மருந்தின் ஒரு பகுதியைக் கீழ்த்தளக் குளியலறையிலும் வைத்திருக்க வேண்டும், அப்போது அதை விரைவாக எடுத்து வந்திருப்பேன் என்று சிறுமி பதில் சொல்கிறாள். அந்தப் பதிலை அறிவின் வெற்றி என்று பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு குழந்தை தன் தலைமேல் ஏற்றிக்கொண்ட தாங்க முடியாத பழியாகவே கேட்கிறது. மதகுருவின் சொல் காரணத்தைத் தேடவிடாமல் தடுக்கிறது. சிறுமியின் சொல் காரணத்தைக் கண்டுபிடித்துத் தன்னையே குற்றவாளியாக்குகிறது. இரண்டுமே அந்த வீட்டுக்குப் போதவில்லை. படத்தில் அறிவியல், சமயம் இரண்டின் எல்லையும் ஒரே நேரத்தில் தெரிவது இந்த ஒரு காட்சியில்தான்.

மறுமொழி 3

ரேடியோ வானியலைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில், விவாதம் இதுவரை தொடாத ஒன்றைச் சொல்லவேண்டும். அறிவியல் எப்படி ஐயப்படுகிறது என்பதைப் படத்தின் முதற்பாதி காட்டுவதுபோல் வேறு அதிகப் படங்கள் காட்டியதில்லை.

சமிக்ஞை கேட்டவுடன் எல்லி கொண்டாடுவதில்லை. அது ராணுவ விமானமா, செயற்கைக்கோளா, தங்கள் கருவியின் கோளாறா என்று ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள். தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பினால் ஒலி மறைகிறதா என்று பார்க்கிறார்கள். வேகா அடிவானத்தில் மறைந்துவிடும் என்பதால் ஆஸ்திரேலியாவிலுள்ள வானியலாளர்களை அழைத்து, உங்களுக்கும் கேட்கிறதா என்று கேட்கிறார்கள். தேசியப் பாதுகாப்பு அதிகாரியான கிட்ஸ் பிறகு இதற்காகவே எல்லியைக் கடிந்துகொள்கிறார். உலகுக்கெல்லாம் சொன்னது தவறு என்பது அவர் வாதம். ஆனால் உலகுக்கெல்லாம் சொல்லாமல் அந்தச் சமிக்ஞையை உறுதிப்படுத்தவே முடியாது. பூமி சுழலும்வரை நியூ மெக்சிகோவிலுள்ள தொலைநோக்கி மட்டும் வேகாவை இடைவிடாமல் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்க இயலாது.

இது கற்பனை நடைமுறை அன்று. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவில் ‘பெரிய செவி’ எனப் பெயர்கொண்ட தொலைநோக்கியில் 72 விநாடிகள் பதிவான, ‘வாவ்’ என்று பெயர்பெற்ற வலுவான சமிக்ஞை, பிறகு எத்தனை முறை தேடியும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே இன்றுவரை அதை வேற்றுக்கோள் செய்தி என்று வானியலாளர்கள் ஏற்கவில்லை. படம் வெளிவருவதற்கு முந்தைய மாதமான 1997 ஜூனில், எல்லி பாத்திரத்துக்கு ஓரளவு முன்மாதிரியாக இருந்த ஜில் டார்ட்டரின் குழு மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க்கில் ஒரு சமிக்ஞையைப் பிடித்தது. தொலைநோக்கியைத் திருப்பினால் மறைந்தது, மீண்டும் குறிவைத்தால் வந்தது. எல்லாச் சோதனைகளும் சாதகமாகத் தோன்றிய பின்னரும் அவர்கள் தொடர்ந்து ஆராய்ந்ததால்தான், அது சூரியனைக் கண்காணிக்கும் ‘சோஹோ’ விண்கலத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. நம்ப வேண்டும் என்று உள்ளம் துடித்த நேரத்திலும் அவர்கள் நம்ப மறுத்தார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நேர்த்தியாகக் காட்டிய படம், விசாரணைக் காட்சியில் அதை மறந்துவிடுகிறது. செல்வந்தர் ஹேடன் தம் செயற்கைக்கோள்களைக் கொண்டு முழுவதையும் ஜோடித்திருக்கலாம் என்ற ஐயத்தைக் கிட்ஸ் எழுப்பும்போது, அவையில் ஒரு வானியலாளர்கூட எழுந்து பதில் சொல்வதில்லை. பூமியைச் சுற்றும் ஒரு பொருளிலிருந்து வரும் அலை, வெவ்வேறு கண்டங்களிலிருந்து பார்க்கும்போது வெவ்வேறு திசையில் தெரியும். விண்மீனோடு சேர்ந்து நாள்தோறும் உதித்து மறையாது. பல தொலைநோக்கிகள் நெடுங்காலம் பின்தொடர்ந்த ஒரு சமிக்ஞையை இப்படி ஏமாற்றி அனுப்புவது மிக மிகக் கடினம். எல்லியைத் தனியாளாக நிறுத்துவதற்காகத் திரைக்கதை அவருடைய துறை முழுவதையும் அவையிலிருந்து வெளியேற்றிவிட்டது.

மறுமொழி 4

சாட்சியம் என்ற சொல்லைத் தொடக்கப் பதிவு எடுத்தாண்டதால், நம் தத்துவ மரபின் அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் வழிகளை, இங்கே நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும். காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகள் கொள்வர். எல்லிக்கு நேர்ந்தது காண்டல். அதில் அவருக்கு ஐயமில்லை. கிட்ஸ் செய்வது கருதல். கலம் நேராக விழுந்ததைக் கொண்டு எதுவும் நிகழவில்லை என்று அனுமானிக்கிறார். அவையினருக்குக் கிடைப்பதோ உரை மட்டுமே. அந்த உரையை ஏற்பதா என்பது சொல்பவருடைய தகுதியைப் பொறுத்தது. பொய் சொல்லும் நோக்கமில்லாதவர், சொல்லும் பொருளை அறிந்தவர் என்று உறுதியானால் அவர் வாக்கு அறிவுக்கு வாயிலாகும் என்பதே அளவை நூலாரின் கொள்கை. அந்த வகையில் எல்லியை நம்புவதில் குற்றமில்லை. வாழ்நாள் முழுவதும் தமக்கு எதிரான தரவையும் மறைக்காத ஒருவர் அவர். தேர்வுக் குழுவின் முன் ஒரு பொய் சொல்லியிருந்தால் முதல் பயணியாகியிருக்கக் கூடியவர், அதைச் சொல்லவில்லை.

ஆனால் இதே கதவு எவருக்கும் திறந்துவிடும் ஆபத்து உண்டு. நேர்மையானவர்களும் மயங்குவதுண்டு. எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருளின் மெய்ப்பொருளைக் காணச் சொன்ன வள்ளுவர், நல்லவர் வாயிலிருந்து வந்தால் ஆராயாமல் ஏற்கலாம் என்று விதிவிலக்குத் தரவில்லை. எல்லியின் வாய்ச்சொல்லுக்கும் அது பொருந்தும், பால்மரின் வாய்ச்சொல்லுக்கும் பொருந்தும்.

மறுமொழி 5

நான் எதிர்பார்த்த விஷயத்தை இன்னும் எவரும் எடுக்கவில்லை: கடைசியில் வரும் அந்த உரையாடல். எல்லியின் கருவியில் இரைச்சல் பதிவானது தமக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்றும், அது ஏறத்தாழ 18 மணிநேரம் பதிவாகியிருப்பதே தம் கவனத்தை ஈர்க்கிறது என்றும் வெள்ளை மாளிகை அதிகாரி கான்ஸ்டன்டைன் தனிப்பட்ட உரையாடலில் கிட்ஸிடம் சொல்கிறார். அந்தச் செய்தி எல்லிக்கும் தெரியாது, மக்களுக்கும் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும்.

இந்த இடத்தில் படம் தன் கேள்வியைத் தானே கைவிட்டுவிடுகிறது என்று பல ஆண்டுகளாக எண்ணி வருகிறேன். எல்லி கண்டது உண்மையா என்று தெரியாத நிலையில் நம்மை விட்டிருந்தால், பால்மரைப்போல நம்புவதா, கிட்ஸைப்போல மறுப்பதா என்ற சுமையை நாமே சுமந்திருப்போம். 18 மணிநேரம் என்ற விடையைக் கையில் கொடுத்தபின் பார்வையாளருக்கு நம்பிக்கை தேவைப்படவில்லை. பால்மர் நம்பியது சரி என்று இயக்குநர் மதிப்பெண் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கார்ல் சேகன் 1985இல் எழுதிய மூலநாவலோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். நாவலில் பயணம் செய்பவர்கள் ஐவர்; இந்தியரான தேவி சுகாவதியும் அவர்களில் ஒருவர். ஐவருக்கும் ஒருங்கே மனமயக்கம் என்று சொல்லித் தள்ளுவது எளிதன்று. அதைவிட முக்கியமானது நாவலின் முடிவு. ‘பை’ என்ற எண்ணைப் பதினொன்றின் அடிமானத்தில் மிக நீண்ட தூரம் கணித்துக்கொண்டே போனால், சுழியும் ஒன்றுமாக அமைந்த இலக்கங்களின் நடுவே ஒரு வட்ட வடிவம் வெளிப்படுவதாக நாவல் முடிகிறது. அது கற்பனைதான். ஆனால் எப்படிப்பட்ட சான்றைச் சேகன் கற்பனை செய்தார் என்று பாருங்கள்: போதுமான கணினி வசதியுள்ள எவரும், எந்த நாட்டிலிருந்தும், எவருடைய அனுமதியும் இல்லாமல் தாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய சான்று. படமோ சான்றை அரசாங்கத்தின் இரகசியக் கோப்புக்குள் வைத்துப் பூட்டுகிறது. சேகன் 1996 டிசம்பரில் காலமானார். முடிவடைந்த படத்தை அவர் பார்க்கவில்லை. எனினும் படத்தின் உருவாக்கத்தில் அவருக்கும் அவர் மனைவி ஆன் ட்ரூயனுக்கும் நெடுங்காலப் பங்கு உண்டு என்பதால், இந்த மாற்றத்தை வெறும் வணிக சமரசம் என்று ஒதுக்கவும் எனக்கு மனமில்லை.

தொடக்கப் பதிவை எழுதியவரின் மறுமொழி

இவ்வளவு ஆழமான மறுமொழிகளுக்கு நன்றி. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இயலாது. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மறுமொழி தந்த நண்பர், ஐயம் நம்பிக்கைக்கும் உரியது என்றார். மனமார ஏற்கிறேன். வேறுபாடு ஐயம் இருப்பதிலோ இல்லாததிலோ இல்லை. ஐயத்தைக் கொண்டு அடுத்து என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. 1930இல் இயற்பியலாளர் வோல்ஃப்காங் பவுலி, எவரும் கண்டிராத ஒரு துகள் இருக்கவேண்டும் என்றார். அது பிற்காலத்தில் நியூட்ரினோ எனப்பட்டது. கோவன், ரைன்ஸ் ஆகியோரின் சோதனை 1956இல் அதை உறுதிப்படுத்தும்வரை 26 ஆண்டுகள் இயற்பியலாளர்கள் காணாத ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் நம்பிக்கைபோலத் தெரியும். ஆனால் அந்தக் கருத்து, எங்கே தேடவேண்டும், எது கிடைக்காவிட்டால் தன்னைக் கைவிடவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தது. பக்தர் இறைவனிடம் முறையிடும்போது அத்தகைய நிபந்தனை எதையும் வைப்பதில்லை. வைத்தால் அது பக்தியாக இராது என்று நண்பரே சொல்வார் என நினைக்கிறேன். இதில் ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் நான் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு செயல்கள். எல்லி செய்தது முதல் வகை. விசாரணைக்குப் பின் அவர் ஒரு மடத்தையோ இயக்கத்தையோ தொடங்குவதில்லை, தம்மைக் காணத் திரண்ட கூட்டத்துக்கு உபதேசம் செய்வதுமில்லை. நியூ மெக்சிகோவுக்கே திரும்பிப் போய்ப் பள்ளிக் குழந்தைகளுக்குத் தொலைநோக்கியைக் காட்டுகிறார். வேற்றுலகில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் சிறுவனிடம், நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறார். அவன் தெரியாது என்றதும், அதை நல்ல பதில் என்று பாராட்டுகிறார். கண்ணால் கண்டுவந்தவர் இப்படி நடந்துகொள்வது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

ஐந்தாம் மறுமொழியில் சொல்லப்பட்ட 18 மணிநேரத்தைப் பொறுத்தவரை, அது கேள்வியைக் கைவிடுவதாக நான் பார்க்கவில்லை. அதுவரை நாம் சான்றின்மையைப் பிரபஞ்சத்தின் இயல்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். வேற்றுலகத்தார் சான்று தர மறுத்துவிட்டார்கள், அனுபவம் தனிமையானது, சொற்கள் போதாது என்றெல்லாம் வருந்துகிறோம். அந்த உரையாடல் வந்ததும், சான்று இருந்தது, அதை மறைத்தவர்கள் இரண்டு அதிகாரிகள் என்று தெரிகிறது. எல்லியை நம்பிக்கையாளரின் நிலைக்குத் தள்ளியவர்கள் அவர்களே. அறிவியலுக்கும் ஆன்மிகத்துக்கும் நடுவே நடப்பதாக நாம் எண்ணிய வழக்கு, உண்மையில் தரவை வைத்திருப்பவர்களுக்கும் அதைக் காண உரிமையுள்ளவர்களுக்கும் நடுவே நடந்திருக்கிறது.

மறுமொழி 1 எழுதியவர் மீண்டும்

பக்தியில் நிபந்தனை இல்லை என்பதை ஏற்கிறேன். நீங்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை என்பதையும் உணர்கிறேன். ஆனால் விசாரணை அரங்கின் வாசலில் பால்மர், தாம் எல்லியை நம்புவதாகச் செய்தியாளர்களிடம் சொல்வதை நீங்கள் தொடவே இல்லை. அவருக்கு 18 மணிநேரம் பற்றித் தெரியாது. தரவு மறைக்கப்பட்ட உலகில், மெய்யான சாட்சி ஒருவரைத் தனியாக விட்டுவிடாமல் அருகில் நின்றவர் அவர் ஒருவர்தான். எல்லியின் சகாக்கள் எங்கே இருந்தார்கள்? பால்மர் பாத்திரம் மெலிந்து எழுதப்பட்டது என்று முன்பு சொன்னதை இப்போதும் சொல்வேன். இந்த ஒரு செயலில் மட்டும், நான் அறிந்த சமய வாழ்க்கையின் சாயல் அவரிடம் தெரிகிறது.

மறுமொழி 3 எழுதியவர் மீண்டும்

சகாக்கள் எங்கே என்ற கேள்வி என்னையும் உறுத்துகிறது. அதனோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும். ஜப்பானின் ஹொக்கைடோவில் கட்டப்பட்ட, எல்லி பயணித்த இரண்டாவது இயந்திரம் அழிந்துபோனதாகப் படத்தில் காட்டப்படவில்லை. விசாரணையில் எல்லியின் மனநிலை ஆராயப்படுகிறது, ஹேடனின் நோக்கம் ஆராயப்படுகிறது, எளிய விளக்கத்தையே தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற ‘ஒக்காமின் சவரக்கத்தி’ எடுத்து வீசப்படுகிறது. ஆனால் வேறொருவரை அமர்த்தி, வேறு வகையான பதிவுக்கருவியோடு, அந்தக் கலத்தை இன்னொரு முறை விழச்செய்து பார்க்கலாம் என்று அவையில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. பெருஞ்செலவில் எழுப்பிய கருவியை ஒரே ஒரு முறை இயக்கிவிட்டு, கண்டவரைக் குறுக்கு விசாரணை செய்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செலவும் ஆபத்தும் அரசியலும் அவர்களைத் தடுத்திருக்கலாம்; அதையாவது ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். இரண்டாவது முறை இயக்கிப் பார்த்திருந்தால், எல்லி சரியா தவறா என்பதோடு, அவருடைய அனுபவத்தில் எந்தப் பகுதி எல்லோருக்கும் பொதுவானது, எந்தப் பகுதி அவர் தந்தையின் நினைவிலிருந்து அவருக்கென்றே எழுந்தது என்பதும் தெரிந்திருக்கும். பயணத்தில் எல்லி கண்ட, ஃப்ளோரிடாவிலுள்ள பென்சகோலாவின் கடற்கரையைப் போன்ற அந்தக் கரையும் தந்தையின் உருவமும் எல்லிக்காகவே அமைக்கப்பட்டவை என்று அங்கே அவரிடமே சொல்லப்படுகிறது. அப்படியானால் அடுத்துப் போகும் மனிதருக்கு எந்தக் கரையும் எவருடைய முகமும் காட்டப்பட்டிருக்கும் என்பதை அறிய, அவரையும் அனுப்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.